பள்ளி மாணவர்கள் வெளிநாட்டு வறுமை ஒழிப்புத் தொண்டு நிறுவனத்துக்கு நிதி திரட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் நிதி திரட்டும் பணிக்குப் பல ஆண்டுகள் பொறுப்பாசிரியராக இருந்தபோது மாணவர்களும் பெற்றோரும் சக ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்; பணத்தை எண்ணுவது போன்ற சிலவற்றுக்கு அது போதாது.

மாணவர்கள் சேர்க்கும் சிறு தொகையால் தொலைதூர நாட்டின் வறுமை தீர்ந்துவிடுமா?

தீராது. இதை முதல் கூட்டத்திலேயே மாணவர்களிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். கடும் வறுமைக்கான எல்லைக்கோட்டை உலக வங்கி 2025 ஜூன் மாதத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியமைத்தது. இந்த 3 டாலர் நாணய மாற்று விலையில் போட்ட கணக்கு அன்று. அந்தந்த நாட்டு விலைவாசிக்கு ஏற்பச் சரிசெய்த கணக்கு. அமெரிக்காவில் 3 டாலருக்கு எவ்வளவு வாங்க முடியுமோ, உணவு, உறைவிடம், மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான் ஒரு நாளுக்கு என்று பொருள். அந்தக் கோட்டுக்குக் கீழே 80 கோடிக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு பள்ளியின் உண்டியல் ஒன்றுமே இல்லை.

ஆனாலும், குறிப்பிட்ட ஓர் ஊரில் குறிப்பிட்ட ஒரு வேலை நடப்பதற்கு அந்த உண்டியல் போதுமானதாக இருக்கலாம். கனடாவில் முதல் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ரயன் ஹ்ரெல்ஜாக் என்ற சிறுவன், 70 டாலர் இருந்தால் ஆப்பிரிக்காவில் ஒரு கிணறு அமைத்துவிடலாம் என்று 1998இல் ஆசிரியை சொல்லக் கேட்டு, வீட்டு வேலைகள் செய்து நான்கு மாதங்களில் அந்தத் தொகையைச் சேர்த்தான். கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான், அந்தப் பணம் கைப்பம்புக்கு மட்டுமே போதும், துளையிட்டுக் கிணறு அமைக்க ஏறத்தாழ 2,000 டாலர் ஆகும் என்பது தெரியவந்தது. அவன் மேலும் உழைத்தான், பிறரும் சேர்ந்துகொண்டார்கள், 1999இல் வடக்கு உகாண்டாவின் அங்கோலோ தொடக்கப்பள்ளிக்கு அருகே கிணறு அமைந்தது. சிறுவனின் விடாமுயற்சிக்காகவே இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். எனக்கோ 70க்கும் 2,000க்கும் நடுவே உள்ள இடைவெளியே முக்கியமாகப் படுகிறது. எதற்காகத் திரட்டுகிறோமோ அதற்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று தொடங்குவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்தத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வது?

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. பிச்சை என்ற சொல் இங்கே பொருந்தாவிட்டாலும் பாத்திரம் அறிவது கட்டாயம் பொருந்தும். நிறுவனம் பதிவு பெற்றதா, தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறதா, எந்த நாட்டில் என்ன வேலை செய்கிறது, அந்த வேலையை உள்ளூர் மக்கள் செய்கிறார்களா, வெளியிலிருந்து வருபவர்கள் செய்கிறார்களா என்பவற்றை மாணவர்களே தேடிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்சிலும் அறக்கொடை ஆணையத்தின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கலாம். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனங்களில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 எண் படிவமும் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. 14 வயது மாணவர்களால் இவற்றைப் படித்துப் புரிந்துகொள்ள முடியும். நான் உடனிருந்து பார்த்திருக்கிறேன்.

உருக்கமான கதையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளிகளோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு நிகழ்வு உண்டு. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பள்ளிக்கூடங்கள் கட்டுவதற்காக அமெரிக்காவில் இயங்கிய சென்ட்ரல் ஏசியா இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு, பள்ளிக் குழந்தைகளிடமிருந்து ஒரு சென்ட் நாணயங்களைத் திரட்டும் திட்டத்தைப் பல ஆண்டுகள் நடத்திவந்தது. அமைப்பின் பணத்தை அதன் நிறுவனர் கையாண்ட விதம் குறித்து 2011இல் கேள்விகள் எழுந்தன. மொன்டானா மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரித்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. நிறுவனர் 10 லட்சம் டாலருக்கு மேல் அமைப்புக்குத் திருப்பிச் செலுத்த ஒப்புக்கொண்டார். அந்த அமைப்பு பள்ளிகளே கட்டவில்லை என்று சொல்ல முடியாது, கட்டியது. ஆனால் கணக்கு ஒழுங்காக இல்லாத இடத்தில் நல்ல வேலையும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடுகிறது, நாணயம் கொடுத்த குழந்தைக்கு அதை விளக்கிச் சொல்ல ஒருவராலும் முடிவதில்லை.

நிர்வாகச் செலவு குறைவாக உள்ள நிறுவனமே நல்ல நிறுவனமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. கொடுத்த பணத்தில் எவ்வளவு நேராக ஏழைக்குப் போய்ச் சேர்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்து நிற்பவர் கேட்பது வழக்கம். நியாயமான கேள்விதான், ஆனால் அது முழுக் கேள்வி அன்று. கணக்கர் இல்லாத, களத்தில் போய்ச் சரிபார்க்க ஆள் வைக்காத நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் மிகக் குறைவாகத்தான் இருக்கும். தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமெரிக்க அமைப்புகளின் தலைவர்களே 2013இல் கூட்டாகக் கடிதம் வெளியிட்டு, இந்த ஒரு விகிதத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று கொடையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

செய்த வேலை பயன்பட்டதா என்று பார்ப்பதே இதைவிட முக்கியம். குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாடினால் நிலத்தடி நீர் மேலே ஏறும் என்ற பிளேபம்ப் திட்டத்துக்கு 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 64 லட்சம் டாலர் வரை அறிவிக்கப்பட்டது. கேட்பதற்கு அவ்வளவு அழகான திட்டம். ஆனால் அது சாதாரணக் கைப்பம்பைவிடப் பல மடங்கு விலை கூடியது, பழுதானால் உள்ளூரில் சரிசெய்ய முடியாதது. குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில் பெண்களே அந்தக் கனத்த ராட்டினத்தைத் தள்ள வேண்டியிருந்தது. அறிவித்த எண்ணிக்கையிலான மக்களுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டுமானால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று தி கார்டியன் நாளிதழ் 2009இல் கணக்கிட்டுக் காட்டியது. இந்தக் கணக்கை மாணவர்களிடம் சொன்னால் வகுப்பே சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் நாம் தேர்ந்தெடுத்திருக்கும் திட்டத்தைப் பற்றித் தாமாகவே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

பணத்துக்குப் பதிலாகப் பழைய துணி, புத்தகம், பொம்மை சேகரித்து அனுப்பலாமா?

நிறுவனம் பட்டியல் கொடுத்துக் கேட்டாலொழிய வேண்டாம். பெட்டி கட்டவும் கப்பலில் ஏற்றவும் சுங்கம் செலுத்தவும் ஆகும் செலவு பல நேரங்களில் உள்ளே இருக்கும் பொருளின் மதிப்பைத் தாண்டிவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு யாரும் உடுத்த முன்வராத பழந்துணிகள் கரையோரங்களில் குவிந்து கிடந்தன; அவற்றை அப்புறப்படுத்துவதே ஒரு தனி வேலையாயிற்று. பணமாக அனுப்பினால் தேவையானதை அந்த ஊரிலேயே வாங்கலாம், அங்குள்ள வியாபாரிக்கும் பிழைப்பு நடக்கும். கிவ்டைரக்ட்லி போன்ற அமைப்புகள் இன்னும் ஒரு படி மேலே போய், கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்குக் கைப்பேசி வழியாகப் பணத்தையே நேராகக் கொடுத்து, எதற்குச் செலவிடுவது என்ற முடிவை அவர்களிடமே விட்டுவிடுகின்றன. இது சரியா என்று மாணவர்களை விவாதிக்கச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதாது.

எந்த வகை நிகழ்ச்சி நடத்தினால் பணம் சேரும்?

குறைந்த முதலீட்டில் நடத்தக்கூடிய எதுவும் நல்லதுதான்: நடைப்பயணம், வாசிப்பு நாள்கள், பழைய புத்தக விற்பனை, கலை நிகழ்ச்சி. அமெரிக்காவில் 1950இல் சில குழந்தைகள் காலிப் பால் அட்டைப்பெட்டிகளை அலங்கரித்து, ஹாலோவீன் இரவில் வீடு வீடாகச் சென்று யூனிசெஃபுக்காக நாணயங்கள் வாங்கினார்கள். முதல் முறை சேர்ந்தது 17 டாலர். அந்த வழக்கம் நாடு முழுதும் பரவி இன்றுவரை தொடர்கிறது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1975இல் தொடங்கிய வேர்ல்ட் விஷன் அமைப்பின் 40 மணி நேர உண்ணாநோன்பைப் பார்த்து, நாமும் பட்டினி இருந்து நிதி திரட்டலாமே என்று ஆர்வமுள்ள மாணவர்கள் கேட்பார்கள். வளரும் பிள்ளைகளுக்கும், சர்க்கரை நோய் போன்ற உடல்நலக் குறை உள்ளவர்களுக்கும், உணவு உண்பதில் ஏற்கெனவே மனச்சிக்கல் உள்ளவர்களுக்கும் இது ஆபத்தாகலாம். உணவுக்குப் பதிலாகக் கைப்பேசியையோ நாற்காலியையோ பேச்சையோ ஒரு நாள் துறந்து பார்க்கலாம். பட்டினி கிடந்து பார்த்தால்தான் ஏழ்மை புரியும் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. நாளை மறுநாள் சாப்பாடு உறுதி என்று தெரிந்தவரின் பசி வேறு.

பணம் கொடுக்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

நான் அதிகம் தவறு செய்தது இந்த விஷயத்தில்தான். முதல் ஆண்டில் எந்த வகுப்பு அதிகம் சேர்க்கிறது என்று போட்டி வைத்து, நாள்தோறும் காலைக் கூட்டத்தில் தொகையை அறிவித்தேன். மூன்றாம் நாள் ஒரு மாணவி, தன்னால்தான் தன் வகுப்பு பின்தங்கியது என்று சக மாணவர்கள் சொன்னதாக வந்து நின்றாள். வறுமையை எதிர்த்து நடத்திய திட்டத்தில், வறுமைக்காக ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்திருந்தேன். மறுநாளே அறிவிப்பை நிறுத்தினேன்.

அதன் பிறகு கடைப்பிடிக்கும் முறை இது. கொடுத்தவர் பெயரையோ வகுப்புவாரித் தொகையையோ எங்கும் எழுதுவதில்லை. எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரியான மூடிய உறையைக் கொடுத்து, காலியாக இருந்தாலும் ஒட்டித் திருப்பித் தரச் சொல்கிறோம். நுழைவுக் கட்டணம் வைத்து நடத்தும் எந்த நிகழ்ச்சியும் பள்ளி நேரத்தில் நடப்பதில்லை. சுவரொட்டி எழுதுவது, மேசை போடுவது, நாணயம் எண்ணுவது, தொண்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுவது ஆகியவையும் கொடைதான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வதோடு நின்றுவிடாமல், பணம் கொடுத்தவரைவிட உழைப்பைக் கொடுத்தவருக்கே திட்டத்தின் முடிவுகளில் அதிகக் குரல் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

யார் யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

தலைமையாசிரியரிடம் எழுத்தில், பங்கேற்கும் மாணவர்களின் பெற்றோரிடம் எழுத்தில், பொது இடத்தில் உண்டியல் ஏந்துவதாக இருந்தால் உள்ளாட்சி நிர்வாகத்திடம், தொண்டு நிறுவனத்தின் பெயரையோ சின்னத்தையோ பயன்படுத்துவதாக இருந்தால் அந்த நிறுவனத்திடம். சிறுவர்கள் தனியாக வீடு வீடாகப் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும்.

சேரும் பணத்தை எப்படி எண்ணுவது, எங்கே வைப்பது?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பிறருக்காக வாங்கிய பணத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

உண்டியல்களுக்கு எண் இட்டு, வாய்க்கு முத்திரைக் காகிதம் ஒட்டி, யாரிடம் எந்த எண் போயிற்று என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திறக்கும்போது ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் ஒருபோதும் எண்ணக் கூடாது. எங்கள் பள்ளியில் எண்ணும் மேசை இப்படி இருக்கும்: மேசையின் மீது வெள்ளைத் துணி, அதன் நடுவில் ஓர் உண்டியல் மட்டும், அடுத்த உண்டியல் தரையில் காத்திருக்கும். மாணவர் இருவர் நாணயங்களை வகைவகையாகப் பிரித்துப் பத்துப் பத்தாக அடுக்குவார்கள். மூன்றாமவர் அடுக்குகளை எண்ணிச் சத்தமாகச் சொல்ல, நான்காமவர் தாளில் எழுதுவார். பிறகு இருக்கையை மாற்றிக்கொண்டு, முதல் தொகையைப் பார்க்காமல் மறுபடி எண்ணுவார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த உண்டியலின் பணம் பைக்குள் போகும். சட்டைப் பொத்தான், செல்லாத நாணயம், வேற்று நாட்டு நாணயம், ஒருமுறை மடித்து வைத்த ஒரு மன்னிப்புக் கடிதம் எல்லாம் உள்ளிருந்து வந்திருக்கின்றன. நாணயம் அல்லாதவற்றுக்கு ஒரு தனிக் கிண்ணம் வைத்திருக்கிறோம்.

எண்ணிய அன்றே, முடியாவிட்டால் மறுநாள், பணம் வங்கிக்குப் போய்விட வேண்டும். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் ஒரு நாள்கூட அது இருக்கக் கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது இங்கே பேச்சே அன்று. அவர் நேர்மையானவர் என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டிய நிலையே வராமல் காப்பதற்குத்தான் இந்த விதி. ஒருமுறை எண்ணிய தாளுக்கும் வங்கிச் சலானுக்கும் இடையே சிறு வித்தியாசம் வந்தது. கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டிவிடலாம் என்று ஒரு சக ஆசிரியர் அன்போடு சொன்னார். வேண்டாம் என்று மறுத்து, வித்தியாசத்தை அப்படியே அறிவிப்புப் பலகையில் எழுதி, காரணம் தெரியவில்லை என்றும் எழுதினோம். அதைப் படித்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஒரு தாளில் 7 என்பதை 1 என்று படித்திருப்பதைக் கண்டுபிடித்தான்.

நிகழ்ச்சிக்கு ஆன செலவைத் திரட்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாமா?

கழிக்கலாம், முன்கூட்டியே அறிவித்திருந்தால். ‘முழுத் தொகையும் சென்று சேரும்’ என்று சுவரொட்டியில் எழுதிவிட்டுப் பிறகு ஒலிபெருக்கி வாடகையைக் கழிப்பது கொடுத்தவரை ஏமாற்றுவதாகும்.

சுவரொட்டியில் பசியால் வாடும் குழந்தையின் படம் போடலாமா?

போடாதீர்கள். விலா எலும்பு தெரியும் குழந்தையின் படம் உண்டியலை நிரப்பும் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் குழந்தைக்கும் பெயர், ஊர், தாய் தந்தை உண்டு. உங்கள் பள்ளிச் சுவரில் தன் படம் ஒட்டப்படுவதற்கு அது சம்மதித்ததா என்று கேட்டுப் பாருங்கள். ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான கான்கார்ட் 2006இல் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறி, படங்களிலும் செய்திகளிலும் சம்பந்தப்பட்டவர்களின் மாண்பைக் காக்க வேண்டும் என்றும், ஒரே வகைப் பிம்பத்தை அவர்கள் மீது சுமத்தக் கூடாது என்றும் வலியுறுத்துகிறது. மாணவர்களுக்கு நான் வைக்கும் சோதனை எளியது: இந்தப் படத்தில் இருப்பவர் நாளை நம் பள்ளிக்கு விருந்தினராக வந்தால் இந்தச் சுவரொட்டியைக் கழற்றி ஒளித்துவைப்போமா? ஒளித்துவைப்போம் என்றால் அது இப்போதே இறங்கிவிட வேண்டும்.

வாசகத்துக்கும் இதே அளவுகோல்தான். ‘ஆப்பிரிக்கா பட்டினி கிடக்கிறது’ என்று எழுதாதீர்கள். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. நாட்டின் பெயர், மாவட்டத்தின் பெயர், அங்குள்ள மக்கள் ஏற்கெனவே என்ன முயன்றுகொண்டிருக்கிறார்கள் என்பதை எழுதுங்கள்.

இணையத்தில் திரட்டலாமா?

பெரியவர் ஒருவர் பொறுப்பில், பள்ளியின் பெயரில் திரட்டலாம். தளம் எடுத்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு, பணம் நேராகத் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறதா, இடையில் யார் கணக்கிலாவது தங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மாணவர்களின் முழுப் பெயர், முகம், வகுப்பு ஆகியவை அந்தப் பக்கத்தில் வேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட கிணற்றுக்கு அல்லது வகுப்பறைக்கு மட்டும்தான் செலவிட வேண்டும் என்று நிபந்தனை போடலாமா?

போடலாம், ஆனால் போடுவதற்கு முன் நிறுவனத்திடம் கேளுங்கள். நிபந்தனையோடு வந்த பணத்தை வேறு வேலைக்குத் திருப்ப, பொறுப்புள்ள நிறுவனத்துக்கு உரிமை கிடையாது. 2004 ஆழிப்பேரலை நிகழ்ந்து சில நாள்களிலேயே, அந்தப் பணிக்குத் தேவையான பணம் வந்து சேர்ந்துவிட்டது, இனி அதற்கென்று அனுப்ப வேண்டாம் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அறிவித்தது. ஏற்கெனவே கொடுத்தவர்களிடம் மிச்சத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தச் சம்மதமும் கேட்டது, பெரும்பாலோர் சம்மதித்தார்கள். பணம் போதும் என்று சொன்ன அந்த நேர்மையை மாணவர்களுக்கு நான் தவறாமல் எடுத்துச் சொல்வேன். ‘எங்கு அதிகத் தேவையோ அங்கு’ என்று எழுதிக் கொடுப்பதே பெரும்பாலும் அதிகம் பயன்படும். அதில் சுவரொட்டிக்கு ஏற்ற கவர்ச்சி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பணத்தை வெளிநாட்டுக்கு எப்படி அனுப்புவது?

அந்த நிறுவனத்துக்கு உங்கள் நாட்டிலேயே பதிவு பெற்ற கிளை இருந்தால் அதனிடம் கொடுப்பதே சுலபமான வழி. வரிச்சலுகைச் சான்றும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். கிளை இல்லையென்றால், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான உங்கள் நாட்டு விதிகளை வங்கியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சில்லறையாகப் பலமுறை அனுப்பாமல் ஒரே முறையாக அனுப்புங்கள். ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் உண்டு. யாராவது ஊருக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்புவது கூடவே கூடாது.

எல்லாவற்றையும் ஆசிரியரே செய்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியுமே?

முடியும். ஆனால் அப்போது மாணவர்கள் வெறும் வசூல்காரர்கள். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு, சுவரொட்டி வாசகம், எண்ணும் மேசை, இறுதி அறிக்கை ஆகிய நான்கும் மாணவர் கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வங்கியும் பாதுகாப்பும் மட்டும் பெரியவர் பொறுப்பு. அவர்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் எனக்குப் பிடிக்காமல் போனதும் உண்டு. காரணத்தைச் சொல்லிவிட்டு வாக்கெடுப்பின் முடிவுக்குக் கட்டுப்பட்டேன்.

பணத்தை அனுப்பிய பிறகு செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

ரசீது வந்ததும் அதன் நகலையும் ஒரு பக்க வரவு செலவுக் கணக்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வந்தது, கழித்தது, அனுப்பியது மூன்றும் அதில் இருக்கட்டும். ஓராண்டு கழித்து, அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று மாணவர்களே நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். எங்களுக்கு ஒருமுறை வந்த பதிலில் நல்ல செய்தி எதுவும் இல்லை. மழையில் சாலை அறுந்துபோனதால் பொருள்கள் போய்ச் சேரவில்லை, வேலை ஆறு மாதம் தள்ளிப்போகிறது என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை மாணவர்கள் ரசீதுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார்கள். ஆறு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கணக்கிட்டு, அடியில் பென்சிலால் எழுதியும் வைத்தார்கள்.